வேதியியல் சமன்பாடுகள்: எதை மனப்பாடம் செய்யலாம், எதை வருவித்துக்கொள்ளலாம்?

+2 வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு ஃபார்முலா பட்டியல் வைத்திருப்பார்கள். வாயுக்கள், கரைசல்கள், வினைவேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல் என்று பாடவாரியாக எழுதிக்கொண்டே போனால் ஐம்பது அறுபது சமன்பாடுகள் சேர்ந்துவிடும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேள்வி எழும். இவ்வளவையும் அப்படியே மனப்பாடம் செய்வதா? நாலைந்து அடிப்படைச் சமன்பாடுகளை வைத்துக்கொண்டு மற்றதைத் தேவைப்படும்போது வருவித்துக்கொள்வதா? அல்லது ஃபார்முலாவை ஓரமாக வைத்துவிட்டு, மோலையும் அலகையும் பிடித்துக்கொண்டே கணக்கை முடிப்பதா?

மூன்று வழியிலும் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சமன்பாடுகளும் மோல் முறையும்தான் முதுகெலும்பு. குறுக்குவழி ஃபார்முலா எதுவானாலும், அது எந்த நிபந்தனையில் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தால் மட்டும் மனப்பாடப் பட்டியலில் சேருங்கள். ஃபார்முலா தெரியாவிட்டால் கேள்வியை விட்டுவிடுவோம். ஃபார்முலா நினைவிருந்து நிபந்தனை மறந்துபோனால், முழு நம்பிக்கையோடு தப்பான விடையைக் குறித்துவிட்டு வருவோம். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்து

தமிழ்நாட்டு +2 பொதுத்தேர்வில் வேதியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், நேரம் 3 மணி. கணக்குக்கு ஃபார்முலாவை எழுதி, மதிப்பைப் பிரதியிட்டு, படிப்படியாகப் போனால் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. "நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை வருவி", "முதல் வகை வினையின் வேக மாறிலிக்கான சமன்பாட்டை வருவி" என்று வருவித்தலையே கேள்வியாகக் கேட்பதும் வழக்கம். ஆக, அங்கே இரண்டாவது வழி நேரடியாகவே மதிப்பெண் தருகிறது.

நீட் வேறு மாதிரி. 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம். அதில் வேதியியல் 45 கேள்வி. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. கால்குலேட்டர் கிடையாது. உயிரியலைச் சீக்கிரம் முடித்து மிச்சப்படுத்திய நேரத்தைச் சேர்த்தாலும், ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவிட முடியாது. அங்கே உட்கார்ந்து வருவித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பதும் உண்மைதான்.

இலங்கையில் உயர்தரம் எழுதுபவர்களுக்கு வாயு மாறிலி, அவகாதரோ மாறிலி போன்றவை வினாத்தாளிலேயே தரப்படும். கணிப்பான் அனுமதி இல்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி கெமிஸ்ட்ரியில் சமன்பாட்டுத் தாளையே கையில் கொடுத்துவிடுகிறார்கள், கால்குலேட்டரும் உண்டு. தாளைக் கொடுத்த பிறகும் அது சுலபமான தேர்வாகிவிடவில்லை. எந்தச் சமன்பாட்டை எங்கே எடுப்பது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

செறிவும் தரம்பார்த்தலும்

மாணவர்கள் மிகச் சீக்கிரம் மனப்பாடம் செய்வது "எம்1 வி1 = எம்2 வி2". அதிகம் வழுக்கிவிடுவதும் இதுதான். நீர்க்கும்போது கரைபொருளின் மோல் எண்ணிக்கை மாறாது, அதனால் செறிவு × கனஅளவு மாறாது. இதன் பொருள் அவ்வளவே. இதைத் தரம்பார்த்தலுக்கும் கொண்டுபோகும்போதுதான் சிக்கல்.

0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி எடுக்கிறோம். அதை நடுநிலையாக்க 20 மில்லி சல்ஃப்யூரிக் அமிலம் செலவாகிறது. அமிலத்தின் மோலாரிட்டி என்ன? ஃபார்முலாவில் அப்படியே போட்டால் 0.1 × 25 ÷ 20 = 0.125. தப்பு. மோல் கணக்கில் போனால் காரம் 2.5 மில்லிமோல், ஒரு சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு வேண்டும், ஆக அமிலம் 1.25 மில்லிமோல், அதை 20 மில்லியால் வகுத்தால் 0.0625 மோலார். கேள்வி தயாரிப்பவர் 0.125-ஐயும் விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார். அதைத் தேடி வருபவர்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நார்மாலிட்டி முறை இந்தப் பொறியைத் தாண்டிவிடும். 0.125 என்பது நார்மாலிட்டி, இரண்டால் வகுத்தால் மோலாரிட்டி. ஆனால் நார்மாலிட்டி தன் பங்குக்கு ஒன்று கேட்கும்: சமான எண், அதாவது அந்த வினையில் ஒரு மூலக்கூறு பரிமாறும் ஹைட்ரஜன் அயனி அல்லது எலக்ட்ரான் எண்ணிக்கை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு அமில ஊடகத்தில் 5, நடுநிலை ஊடகத்தில் 3, வலுவான கார ஊடகத்தில் 1. ஒரே பொருள், மூன்று எண். 0.02 மோலார் பெர்மாங்கனேட் அமில ஊடகத்தில் 0.1 நார்மல். ஊடகம் மாறினால் நார்மாலிட்டியும் மாறும், மோலாரிட்டி மாறாது.

அப்படியானால் நார்மாலிட்டியை விட்டுவிடலாமா? +2 செய்முறைத் தேர்வு எழுதுபவர்கள் விட முடியாது. பெர்மாங்கனேட்டை ப்யூரெட்டில் ஊற்றி, ஃபெர்ரஸ் சல்ஃபேட்டையோ ஆக்சாலிக் அமிலத்தையோ பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, "வி1 என்1 = வி2 என்2" என்று எழுதித்தான் அங்கே கணக்குப் போடுகிறோம். படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான நிறை 63, ஃபெர்ரஸ் சல்ஃபேட்டுக்கு 278, ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு 392. இந்த மூன்று எண்ணும் செய்முறைக்கு மனப்பாடம் இருக்கட்டும். எழுத்துத் தேர்வுக்கும் நீட்டுக்கும் மோல் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சலேட்.

மோலாரிட்டியை மோலாலிட்டியாக மாற்றும் ஃபார்முலாவை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அடர்த்தி, மூலக்கூறு நிறை, ஆயிரம், ஒரு கழித்தல் என்று நாலைந்து உறுப்புகள். ஒன்று இடம் மாறினாலும் விடை கெட்டது. ஒரு லிட்டரை எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பாருங்கள். அடர் சல்ஃப்யூரிக் அமிலம் நிறையில் 98 சதவீதம், அடர்த்தி 1.84. ஒரு லிட்டரின் நிறை 1840 கிராம். அதில் அமிலம் 1803.2 கிராம், 98-ஆல் வகுத்தால் 18.4 மோல். ஆக 18.4 மோலார். மீதி 36.8 கிராம்தான் தண்ணீர். 18.4-ஐ 0.0368 கிலோவால் வகுத்தால் 500 மோலால். பதினெட்டுக்கும் ஐந்நூறுக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது: கரைப்பான் கொஞ்சம்தான் இருக்கிறது. ஃபார்முலாவில் போட்டால் இதே 500 வரும், ஆனால் அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாது.

வாயுக்களுக்கு ஒன்றே போதும்

பாயில், சார்லஸ், கே-லூசாக், அவகாட்ரோ என்று நாலு விதிகளையும் நாலு ஃபார்முலாவாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. பெயரையும் கூற்றையும் ஒரு மதிப்பெண் கேள்விக்காகத் தெரிந்து வைத்திருங்கள். கணக்குக்கு நல்லியல்பு வாயுச் சமன்பாடு ஒன்றே போதும்: அழுத்தம் × கனஅளவு = மோல் × ஆர் (வாயு மாறிலி) × வெப்பநிலை. எது மாறவில்லையோ அதை அடித்துவிட்டால் வேண்டிய விதி தானாக வரும். மூடிய கலனில் 27 டிகிரியில் 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயுவை 127 டிகிரிக்குச் சூடேற்றினால், கெல்வினில் 300-க்கு 400 என்ற விகிதத்தில் அழுத்தம் 1.33 ஆகும். செல்சியஸை அப்படியே போடுபவர்களுக்கு 4.7 வரும், எச்சரிக்கை.

இங்கே மனப்பாடம் வேண்டியது ஆர் மதிப்புக்குத்தான். லிட்டரும் வளிமண்டலமும் வந்தால் 0.0821, லிட்டரும் பாரும் வந்தால் 0.0831, ஆற்றல் ஜூலில் வந்தால் 8.314. அதேபோல 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டும். 1982-இல் சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபேக் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றிய பிறகு அது 22.7 லிட்டர். கேள்வியில் எந்த அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அமிலம், காரம், தாங்கல் கரைசல்

குறுக்குவழிகள் அதிகம் குவிந்திருக்கும் பாடம் இது. வலிமை குறைந்த அமிலத்துக்கு ஒன்று, தாங்கல் கரைசலுக்கு ஒன்று, உப்பு நீராற்பகுப்புக்கு மூன்று. இவற்றை வருவித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்பதால் மனப்பாடத்தை இங்கே ஆதரிக்கிறேன். ஆனால் எதை எங்கே எடுப்பது என்ற முடிவை மோல் கணக்கு எடுக்கட்டும்.

0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 50 மில்லி இருக்கிறது. அதன் அமில மாறிலி 1.8 × 10⁻⁵, பிகேஏ (அந்த மாறிலியின் எதிர்க்குறி மடக்கை) 4.74. எதுவும் சேர்க்காதபோது வலிமை குறைந்த அமிலம் மட்டும்: 1.8 × 10⁻⁵-ஐயும் 0.1-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பிஹெச் 2.87. இப்போது அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி சேர்க்கிறோம். 5 மில்லிமோல் அமிலத்தில் பாதி உப்பாகிவிட்டது. அமிலமும் உப்பும் சமம். ஹென்டர்சன்-ஹேசல்பாக் சமன்பாட்டில் மடக்கை 1 என்பது பூஜ்யம், பிஹெச் = பிகேஏ = 4.74. இன்னொரு 25 மில்லி சேர்த்தால் அமிலம் தீர்ந்தது, 100 மில்லியில் உப்பு மட்டும், செறிவு 0.05. இங்கே ஹென்டர்சனைத் தொட்டால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும். உப்பு நீராற்பகுப்பு ஃபார்முலாதான் சரி: 7 + ½ (4.74 − 1.30) = 8.72.

ஒரே குடுவை, மூன்று கட்டம், மூன்று ஃபார்முலா. என்ன மீந்திருக்கிறது என்று முதலில் ஒரு வரி எழுதிவிட்டால் தடுமாற்றமே இல்லை. ஹென்டர்சன் சமன்பாட்டில் இன்னொரு வசதியும் உண்டு: அமிலமும் உப்பும் ஒரே கரைசலில் இருப்பதால் கனஅளவு அடிபட்டுப்போகும், செறிவுக்குப் பதில் மில்லிமோலையே போடலாம். நீட்டில் இது அரை நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

வர்க்கமூலக் குறுக்குவழியின் நிபந்தனை, அயனியாதல் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. 0.001 மோலார் அசிட்டிக் அமிலத்தில் அது 13 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதனால் இருபடிச் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். போனால் பிஹெச் 3.87-க்குப் பதில் 3.90. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் பொருட்டில்லை. பொருட்டான இடம் வேறு: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 8 என்று எழுதுவது. அமிலக் கரைசல் காரமாக இருக்க முடியாது. தண்ணீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் 6.98.

வினைவேகவியலில் வேகமும் பொறியும்

முதல் வகை வினைக்கு இரண்டு கருவிகள்: 2.303 வரும் மடக்கைச் சமன்பாடு, பாதிப் பாதியாக எண்ணும் முறை. அரை வாழ்காலம் 30 நிமிடம் என்றால் 50, 75, 87.5 என்று விரல் விட்டு எண்ணி 87.5 சதவீதம் முடிய 90 நிமிடம் என்று சொல்லிவிடலாம். 99.9 சதவீதம் முடிய அரை வாழ்காலத்தைப் போல் 10 மடங்கு ஆகும் என்ற பழக்கமான கேள்விக்கும், இரண்டின் பத்தாம் அடுக்கு 1024 என்பதே விடை. 80 சதவீதம் என்று கேட்டால் மட்டும் மடக்கைக்குப் போங்கள். கிட்டத்தட்ட 70 நிமிடம் வரும். எண்ணும் முறையில் 75-க்கு 60, 87.5-க்கு 90 என்று ஏற்கெனவே தெரியும் என்பதால், 70 பொருந்துகிறது என்று உடனே சரிபார்க்கவும் முடிகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதன் பயன் அதுதான்.

பூஜ்ய வகை வினையில் எண்ணும் முறை செல்லாது. 50 சதவீதம் 30 நிமிடத்தில் முடிந்தால் 75 சதவீதம் 45 நிமிடத்தில் முடியும், 60 நிமிடத்தில் வினையே முடிந்துவிடும். அரை வாழ்காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்ததா இல்லையா என்று ஒவ்வொரு வகைக்கும் எழுதி வையுங்கள்: பூஜ்ய வகைக்கு நேர்விகிதம், முதல் வகைக்குத் தொடர்பே இல்லை, இரண்டாம் வகைக்கு எதிர்விகிதம். 0.693 ÷ கே (வினைவேக மாறிலி) என்பதை நெட்டுருப் போட்டுவிட்டு வகையைப் பார்க்காமல் போடுபவர்கள்தான் ஏராளம்.

அர்ஹீனியஸ் சமன்பாட்டை இரண்டு வெப்பநிலைகளுக்கு எழுதும் வடிவம் மனப்பாடம் செய்யத் தகுந்தது, ஏனென்றால் ஒன்றைப் படித்தால் மூன்று கிடைக்கிறது. இரண்டு மதிப்புகளின் விகிதத்துக்கு மடக்கை = ஆற்றல் ÷ (2.303 × ஆர்) × வெப்பநிலை வேறுபாடு ÷ வெப்பநிலைகளின் பெருக்கல். வினைவேக மாறிலியைப் போட்டால் ஆற்றல் என்பது கிளர்வு ஆற்றல். சமநிலை மாறிலியைப் போட்டால் வினையின் என்தால்பி மாற்றம். அது வான்ட் ஹாஃப் சமன்பாடு. ஆவி அழுத்தத்தைப் போட்டால் ஆவியாதல் என்தால்பி, கிளாசியஸ்-கிளாபிரான். மூன்று பாடத்தில் மூன்று இடத்தில் வருவதால் மூன்று தனி ஃபார்முலாவாகத் தோன்றுகிறது. 298 கெல்வினிலிருந்து 308-க்குப் போகும்போது வேகம் இரட்டித்தால் கிளர்வு ஆற்றல் 52.9 கிலோஜூல். இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள், அலகுப் பிழை எல்லாம் அதிலேயே வெளியே வந்துவிடும்.

கிப்ஸ், நெர்ன்ஸ்ட், சமநிலை: ஒரே முக்கோணம்

வருவித்தல் வழி முழுசாக ஜெயிக்கும் இடம் இது. கிப்ஸ் ஆற்றல் மாற்றம் ஒரு மூலை, திட்ட மின்னியக்கு விசை இன்னொரு மூலை, சமநிலை மாறிலி மூன்றாவது மூலை. கிப்ஸ் = −என் எஃப் இ; கிப்ஸ் = −2.303 ஆர் டி மடக்கை கே. இங்கே என் எலக்ட்ரான் எண்ணிக்கை, எஃப் ஃபாரடே மாறிலி, இ மின்னியக்கு விசை, டி வெப்பநிலை, கே சமநிலை மாறிலி. இரண்டையும் சமப்படுத்தினால் மூன்றாவது பக்கம். டேனியல் மின்கலத்தில் 1.10 வோல்ட், இரண்டு எலக்ட்ரான். கிப்ஸ் ஆற்றல் மாற்றம் −2 × 96500 × 1.10 = −212.3 கிலோஜூல். மடக்கை கே = 2 × 1.10 ÷ 0.0591, அதாவது 37-க்குக் கொஞ்சம் மேல். துத்தநாகம் தாமிர சல்ஃபேட்டில் ஏறக்குறைய முழுவதுமாக வினைபுரிவது ஏன் என்பது இந்த எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது.

0.0591 என்ற எண், அதாவது 2.303 ஆர் டி ÷ எஃப், 25 டிகிரிக்கு மட்டும் உரியது. 310 கெல்வினில் அது 0.0615. வெப்பநிலையைக் கேள்வியில் வேண்டுமென்றே மாற்றியிருந்தால் மூலச் சமன்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

மின்முனை அழுத்தங்களைக் கூட்டுவதில் மனப்பாடம் பெரிதாக ஏமாற்றும். ஃபெர்ரிக் அயனி ஃபெர்ரஸாக +0.77 வோல்ட், ஃபெர்ரஸ் இரும்பாக −0.44. ஃபெர்ரிக் நேரே இரும்பாக? கூட்டி 0.33 என்று எழுதினால் தப்பு. கூட்டத் தகுந்தது கிப்ஸ் ஆற்றல், வோல்ட் அல்ல. எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.77 × 1 − 0.44 × 2 = −0.11, மூன்றால் வகுத்தால் −0.037 வோல்ட். குறியே மாறிவிட்டது.

என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் தரப்படுவது எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் வழுக்குவதும் அங்கேதான். தண்ணீரின் ஆவியாதல் என்தால்பி 40.7 கிலோஜூல், என்ட்ரோபி 109 ஜூல். 40700 ÷ 109 = 373 கெல்வின், கொதிநிலை. 0.373 வந்தால் ஆயிரத்தை விட்டிருக்கிறீர்கள்.

ஃபாரடே விதிக்கு மின்வேதிச் சமானத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆம்பியரை விநாடியால் பெருக்கி 96500-ஆல் வகுத்தால் எலக்ட்ரான் மோல். 1 ஆம்பியர், 9650 விநாடி என்றால் 0.1 மோல் எலக்ட்ரான், வெள்ளி 10.8 கிராம், தாமிரம் அதில் பாதி மோல்தான் படியும் என்பதால் 3.175 கிராம்.

கடைசி வாரத்து நோட்டு

என் யோசனைப்படி நோட்டில் இரண்டு பத்திகள் இருக்கட்டும். இடப்பக்கம் சமன்பாடு, வலப்பக்கம் அது செல்லும் நிபந்தனையும் அலகும். வலப்பக்கம் காலியாக இருக்கும் சமன்பாட்டை அப்படியே விடாதீர்கள். புத்தகத்தைத் திறந்து நிரப்புங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். அறுபது இருந்தது இருபது இருபத்தைந்துக்கு வந்துவிடும். பொதுத்தேர்வு மட்டும் எழுதுபவர்கள் அதில் பாதி நேரத்தை வருவித்தலை எழுதிப் பார்ப்பதற்குக் கொடுங்கள். நீட்டும் எழுதுபவர்கள் தாங்கல் கரைசல், அரை வாழ்காலம், நெர்ன்ஸ்ட் மூன்றிலும் குறுக்குவழியைக் கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

வருவிக்கவே முடியாத சில எண்களை மட்டும் நெட்டுருப் போட்டே ஆக வேண்டும். மடக்கை 2 என்றால் 0.301, 3 என்றால் 0.477, 7 என்றால் 0.845, மடக்கை 5-ஐ 1-லிருந்து 0.301-ஐக் கழித்துப் பெறலாம், 0.699. ஆர் மதிப்புகள் மூன்று, ஃபாரடே 96500, அவகாட்ரோ எண் 6.022 × 10²³, பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴, ஹைட்ரஜனின் அடிநிலை ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இந்த மடக்கைகள் தெரியாமல் பிஹெச் கணக்கின் கடைசி வரியைத் தாண்ட முடியாது, அதனால் ஃபார்முலாக்களுக்கு முன்னால் இவற்றை முடித்துவிடுங்கள்.